கடல் ஏன் நீரை வாங்கவில்லை?

வணக்கம் ஐயா,

வேளச்சேரியில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறோம். ஏரிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் படிக்கிறேன். எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டினார்கள். மழை வந்தபோது அந்த வடிகாலின் மூடி வழியாகவே தண்ணீர் பொங்கி வாசற்படி ஏறியது. கேட்டால் ‘கடல் உள்வாங்கவில்லை’ என்கிறார்கள். கடல் எப்படி நீரை வாங்காமல் இருக்கும்? கிழக்கே நேராகக் கடலுக்கு ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா?

அன்புடன்,
வேளச்சேரி வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் தெருத் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். வேளச்சேரி ஏரியின் உபரியும் சுற்றுவட்டார மழைநீரும் வீராங்கல் ஓடை போன்ற ஓடைகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கின்றன. அங்கிருந்து நீர் வெளியேறும் வாய்க்கால் ஒக்கியம் மடுவு. மடுவிலிருந்து பக்கிங்காம் கால்வாய். அதில் தெற்கே திரும்பி, முட்டுக்காட்டுக்குப் போன பிறகுதான் கடல். வேளச்சேரிக்கும் முட்டுக்காட்டுக்கும் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். உங்கள் தெரு கடல்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வாட்டம்தான் கிடைக்கும். குளியலறைத் தரைக்குக் கொத்தனார் விடும் வாட்டம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்த 15 சென்டிமீட்டரும் கடல் தாழ்ந்திருந்தால்தான். சென்னைக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல்நீர் உயரும் ஏற்றத்துக்கும் தாழும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர். அக்டோபர், நவம்பரில் இந்தக் கரையின் சராசரிக் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிட உயர்ந்திருக்கும். புயல் வந்தால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைவதற்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் கடல் மேலும் உயரும். கரையை நோக்கி வீசும் காற்று இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். மழையைக் கொண்டுவரும் புயலே அது வடியும் வாசலையும் அடைத்துவிடுகிறது. கடலில் கலக்கும் இடமான முகத்துவாரத்தில் நின்றுபோன நீர் கால்வாயில் ஏறும், கால்வாயிலிருந்து ஓடையில் ஏறும். ஓடையில் திறக்கும் வடிகாலின் வாய் மூழ்கிவிட்டால், வடிகால் தெருவுக்குள் தண்ணீர் கொண்டுவரும் வழியாகிவிடும். நீங்கள் மூடி வழியாகப் பார்த்தது இதைத்தான். இன்னும் அகலமாகக் கட்டியிருந்தாலும் இதே கதிதான்.

இந்தச் சிக்கலை லண்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சந்தித்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தவித்த பிறகு, பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் நகரின் கழிவுநீரையும் மழைநீரையும் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனார். அவர் கட்டிய நீண்ட செங்கல் சுரங்கங்களைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, அவை முடியும் இடத்தில் அவர் கட்டிய மூடிய பெருந்தொட்டிகள். ஏற்றத்தின்போது வரும் நீரைத் தேக்கி வைத்து, வற்றம் தொடங்கியதும் திறந்துவிடுவார்கள். கடல் எப்போது வாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதுவரை தண்ணீர் காத்திருக்க இடம் கொடுத்தார் அவர். அந்த ஏற்பாட்டிலும் கேடு இருந்தது. 1878 செப்டம்பரில் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற பயணக் கப்பல் அந்தப் பகுதியில் மூழ்கி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சற்று முன்புதான் கழிவுநீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். மனிதர்கள் அதில்தான் தத்தளித்தார்கள். அதற்குப் பிறகுதான் கசடைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடே வந்தது.

லண்டன் செங்கல் வைத்துக் கட்டிய காத்திருப்பு இடம் நமக்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. அதுதான் பள்ளிக்கரணை. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்து அனுப்பிய நீரை வாங்கி, பரப்பி வைத்துக்கொண்டு, கடல் தாழத் தாழ ஒக்கியம் மடுவு வழியாக விட்டுக்கொண்டிருந்த நிலம் அது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது ஏறக்குறைய 1,250 ஹெக்டேர். அதன் உடம்பில் பெருங்குடிக் குப்பைமேடு, குறுக்கே 200 அடிச் சாலை, ஓரமெல்லாம் கட்டடங்கள். கடல் வாங்கவில்லை என்று சொல்பவர்கள் விட்டுவிடும் மீதிப் பாதி இதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி உங்கள் நேர்கால்வாய். வெட்டலாம், தூரம் குறையும், வாட்டம் கூடும். ஆனால் வெட்டிய வாயைத் திறந்து வைத்திருப்பது வேறு வேலை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. மணல் தேங்கும் அந்தப் பக்கத்தில்தான் கூவத்தின் முகத்துவாரமும் இருக்கிறது. அது மீண்டும் மீண்டும் தூர்வதில் வியப்பே இல்லை.

அடையாற்று முகத்துவாரத்தை மழைக்கு முன்பு ஒருமுறை போய்ப் பாருங்கள். பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையில் மணல்திட்டு மீது பொக்லைன் நின்று வாய் வெட்டிக்கொண்டிருக்கும். ஆற்றில் வேகம் இருந்தால் சிறு வெட்டு போதும், கரைகள் சரிந்து சரிந்து ஆறே அதை அகலமாக்கிக்கொள்ளும். வெள்ளம் வற்றியதும் அலை கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் பொக்லைன். உங்கள் புதிய கால்வாய்க்கும் இதுவே நடக்கும். கற்சுவர் நீட்டி மணலைத் தடுத்தால், வடக்கே உள்ள மீனவக் குப்பங்களின் கரை போகும். ராயபுரம் அனுபவித்ததை அவர்கள் தலையிலும் கட்ட எனக்குச் சம்மதமில்லை. எஞ்சியிருக்கும் சதுப்பில் ஒரு சென்ட்கூட இனி போகாது என்பது உறுதியாகி, மடுவும் அகலமான பிறகு நேர்கால்வாயைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை உங்கள் வார்டுக் கூட்டத்தில் வடிகாலின் அகலத்தைக் கேட்காதீர்கள். அதன் கடைசி முனை எந்த ஓடையில், எந்த மட்டத்தில் திறக்கிறது, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்த ஓடையில் நீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று கேளுங்கள். நீர் எதிர்த்து ஏறாமல் தடுக்க அங்கே ஷட்டர் இருக்கிறதா, நள்ளிரவில் அதை இறக்குவது யார் பொறுப்பு, ஷட்டர் மூடியிருக்கும் நேரத்தில் தெருத் தண்ணீரை வெளியேற்ற மோட்டார் உண்டா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்த மட்டங்களை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.