ராத்திரி அழுகைக்குக் காரணம் பல்லாகவும் இருக்கலாம்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம். கழுத்து சரியாக நிற்காது, பேச்சு வரவில்லை. வலிப்புக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டி சிரப் கொடுக்கிறோம். பிரஷை வைத்தால் கடித்துப் பிடித்துக்கொள்கிறான், ஈறில் ரத்தம் வருகிறது. எந்நேரமும் ஜொள்ளு. ரெண்டு மாதமாக ராத்திரியில் அழுகை, சோறும் இறங்கவில்லை. ‘இந்த மாதிரி குழந்தைங்க அப்படித்தான்’ என்கிறார்கள். பல் விளக்குவது எப்படி?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, பல் விளக்கும் முறையைச் சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரம் அந்த ரெண்டு மாத அழுகை. ‘அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். வாய் பேசாத பிள்ளை பல்வலியை வேறு எப்படிச் சொல்லும்? சாப்பாட்டைத் தள்ளும், கன்னத்தில் அடித்துக்கொள்ளும், கையைக் கடிக்கும், உடம்பை வழக்கத்தைவிட முறுக்கும். எல்லாவற்றையும் முடக்குவாதத்தின் கணக்கில் எழுதிவிட்டால் சொத்தைப் பல் உள்ளேயே சீழ் பிடித்துக் கிடக்கும்.

இன்றைக்கே செல்போன் டார்ச்சை அடித்து, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக்கோடு இருந்தால் சொத்தை ஆரம்பம். பழுப்பு, கறுப்புக் குழி என்றால் முற்றிவிட்டது. ஈறில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அது சீழ்; நாள் கடத்தக்கூடாது. அப்புறம் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பாருங்கள். டீயில் தோய்த்த பொறையும் காலையில் ஊட்டிய இட்லியும் மதியம்வரை அங்கேயே ஒட்டிக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் குழந்தைகளின் நாக்கால் அதைத் துழாவி எடுக்க முடிவதில்லை.

ஜொள்ளு வடிவது எச்சில் அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்கத் தெரியாததால். வெளியே ஊற்றுவதால் வாய் சுத்தமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வலிப்பு சிரப் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கும். படுக்கும்போது கொடுத்தால் அது இரவெல்லாம் பல்லில் ஊறும், தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடும். மருந்தை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். கொடுத்ததும் ஈரத்துணியால் பல்லைத் துடையுங்கள். சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று நரம்பு மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து ஃபெனிடாயின் என்றால் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொள்ளலாம், தொட்டால் ரத்தம் வரலாம். அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

சரி, பல் விளக்குவது. படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து விளக்காதீர்கள். தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கும். அழுக்கு வாயின் கிருமிகள் அப்படி இறங்கினால் நிமோனியா வரலாம். நீங்கள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, பிள்ளையை உங்கள் கால்களுக்கு நடுவே சாய்வாக உட்காரவையுங்கள். தலை உங்கள் மார்பில், தாடை கொஞ்சம் கீழ்நோக்கி. ஒரு கை தாடையைத் தாங்கட்டும். முதலில் கன்னத்தையும் உதட்டையும் வெளியே தடவிவிடுங்கள். நேராக வாய்க்குள் பிரஷ் போனால் எந்தப் பிள்ளைக்கும் திடுக்கிடும்.

அவன் கடிப்பது அடம் இல்லை அம்மா, தானாக வரும் அனிச்சைச் செயல். இழுத்தால் இன்னும் இறுகும். இழுக்காமல் காத்திருங்கள், தளரும். பழைய பிரஷ் காம்பில் துணியைத் தடிப்பாகச் சுற்றி இறுகக் கட்டி ஒரு பக்கக் கடைவாயில் வைத்தால், மறுபக்கம் விளக்கலாம். ஸ்டீல் ஸ்பூன் வேண்டாம், பல் உடையும். உங்கள் விரலும் வேண்டாம். 7 வயதில் பால் பற்கள் ஆடும். ஆடும் பல்மேல் எதையும் அழுத்தாதீர்கள். நன்றாக ஆடுகிற பல்லை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். விழுந்து மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து.

மிருதுவான சின்னத் தலை பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் அரிசி அளவு. துப்பத் தெரியாத பிள்ளைக்கு அதற்குமேல் வேண்டாம். விளக்கியதும் நுரையைத் துணியால் துடைத்தால் போதும். சாப்பிட்ட கையோடு விளக்கினால் ஓங்கரித்து வாந்தி வரலாம், இடைவெளி விடுங்கள். வாந்தி எடுத்தாலும் உடனே விளக்காமல் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். வயிற்று அமிலம் பட்ட பல் எனாமல் அப்போது சீக்கிரம் தேயும். முதல் வாரம் முன்பல் மட்டும் முடிந்தாலும் சந்தோஷம்தான்.

பல்லை எங்கே காட்டுவது? சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பல் பிரிவு இருக்கிறது. சின்னச் சொத்தைக்குத் துளைபோடாமல் மருந்து தடவி நிறுத்தும் முறை உண்டு. அந்த இடம் கறுத்துவிடும், பயப்பட வேண்டாம். பல பற்கள் கெட்டிருந்தால் முழு மயக்கத்தில் ஒரே தடவையில் முடிக்கச் சொல்லலாம். மயக்கம் என்றதும் பதறி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மயக்க மருத்துவர் வலிப்பு, நெஞ்சுச்சளி எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார். பல் எடுத்த மறுவாரமே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அம்மாவும் பல நாளுக்குப் பிறகு தூங்கியிருப்பார்.

போகும்போது சிரப் பாட்டில்களையும் ஸ்டான்லி சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எந்த நேரத்தில் அழுகிறான், எந்தப் பக்கம் ஊட்டினால் தள்ளுகிறான் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.