ஐஸ் போட்டால் ஏசி ஆகிவிடுமா? – வாங்குவோர் கேள்வி, பதில்

கோடை பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி சூடு, குளிர் சம்பந்தப்பட்டவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரல் கடைசியில் 9,800 ரூபாய் கொடுத்து ஏர் கூலர் வாங்கினோம். "ட்ரேயில் ஐஸ் போடுங்க, ஜன்னலைச் சாத்திக்குங்க, ஏசி மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். அதையே வாட்ஸ்அப்பில் வீடியோவாகவும் அனுப்பியிருந்தார். முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கிறது. பிறகு உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது, மூச்சு முட்டுகிறது. கேட்டால், "மெஷின் நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (வாசகி, தாம்பரம்)

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதே கடிதம் கடலூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வருடா வருடம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் பஞ்சுத் தட்டில் தண்ணீர் வழிகிறது, அதன் வழியாகக் காற்று போகிறது, தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இப்படித்தான். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்? 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் ஈரக் காற்று அதிகபட்சம் 24 டிகிரி வரை இறங்கலாம். வேலூரிலும் கரூரிலும் சித்திரை மதியத்தில் கூலர் வேலை செய்வது அதனால்தான். கடற்காற்று வீசும் உங்கள் பக்கத்தில் 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மாலையில் அந்த எல்லை 30 டிகிரி. எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் அதற்குக் கீழே போக முடியாது. ஜன்னலையும் சாத்திவிட்டால் கூலர் விட்ட ஈரம் அறைக்குள்ளேயே தங்கும். உங்கள் வியர்வை காயாது. பிசுபிசுப்பும் மூச்சு முட்டலும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஐஸ் விஷயத்துக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்கும். ஐந்து கிலோ போட்டால் 1,670 கிலோஜூல். ஒரு டன் ஏசி எட்டே நிமிடத்தில் அறையிலிருந்து வெளியே தள்ளுகிற வெப்பம் அவ்வளவுதான். அந்த ஐஸை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே செய்தால், தண்ணீரிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தையும் அதற்குச் செலவான மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் உங்கள் வீட்டுக்குள்ளேதான் விடும். மொத்தத்தில் வீடு கூடுதலாகச் சூடாகிறது. ஏசியின் இன்னொரு பாதி வெளிச்சுவரில் தொங்குவது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். வெப்பம் வீட்டை விட்டு வெளியே போயாக வேண்டும். கூலரில் அது வெளியே போக வழியே இல்லை.

ஏசிக்கு "டன்" என்ற கணக்கு வந்ததே ஐஸிலிருந்துதான். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம் எவ்வளவோ, அந்த வேகம்தான் ஒரு டன். கப்பலில் ஐஸ் வந்திறங்கிய காலத்துக் கணக்கு அது. சென்னை ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெட்ரிக் டியூடர் அனுப்பிய ஐஸை வைக்க 1842-ல் கட்டியது. உருகாமல் இருக்க மரத்தூளில் பொதிந்து அனுப்பினார்கள். உங்கள் கூலரின் ட்ரேயில் பிடிப்பதோ நாலைந்து கிலோ.

இதில் எனக்கும் ஒரு பழைய வலி உண்டு. என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த கோடையில், சென்னையில், இதே வாக்குறுதியை நம்பி ஒரு கூலர் வாங்கினேன். கதவைச் சாத்தி இரவெல்லாம் ஓடவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் பூஜை அலமாரியில் இருந்த தீப்பெட்டியை எடுத்தால் குச்சி பற்றவில்லை, மருந்துத் தலை வழுக்கிக்கொண்டு போனது. சுவரில் மாட்டிய நாள்காட்டியின் தாள்கள் சுருண்டிருந்தன. டப்பாவில் இருந்த அப்பளம் துணி மாதிரி மடங்கியது. அவர் முதுகைத் திருப்பிப் பார்த்தபோது வேர்க்குரு சிவந்து பரவியிருந்தது. பேச முடியாமல் இருந்தவர் மூன்று நாளும் அதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றுதான் ஈரப்பதம் என்றால் என்னவென்று நான் படித்தேன். கடையில் நிற்கும்போதே படித்திருக்க வேண்டும்.

உங்களுக்கான வழி: மெஷினில் கோளாறு என்று சண்டை போடாதீர்கள், அதில் தோற்றுவிடுவீர்கள். இல்லாத பலனைச் சொல்லி விற்றார்கள் என்பதுதான் உங்கள் புகார். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது முறையற்ற வணிகம். அந்த வீடியோவை அழிக்காமல் வையுங்கள். பில்லின் நகலோடு கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வாங்கியதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதுவரை ஐஸை விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, காற்று காய்ந்திருக்கும் நாட்களில் மட்டும் அதை ஓட்டுங்கள்.

கேள்வி: செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் 499 ரூபாய். வாங்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால், டவர் கிடைக்காமல் போன் இன்னும் அதிக சக்தியில் அலையை அனுப்பும்.

கேள்வி: கொடைக்கானலில் வீட்டுக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினேன். 3 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. ஷவரைத் திறந்தால் வெதுவெதுப்புகூட இல்லை. கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. கீசர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் கணக்குப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வையுங்கள். குளிக்க 40 டிகிரி வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் செலவாகும். 3 கிலோவாட் சக்தியால் நிமிடத்துக்கு 1.7 லிட்டரைத்தான் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர முடியும். ஷவரில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் கொட்டுகிறது. குழாயைச் சிறிதாகத் திறந்து 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள், 12 நிமிடத்தில் நிரம்பும், சூடாகவும் இருக்கும். மலையூரில் ஷவர் வேண்டுமென்றால் 25 லிட்டர் தொட்டி வைத்த கீசர்தான். இந்தப் பெருக்கல் வகுத்தலைக் கடையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் போட்டிருக்கலாம். விலை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

கேள்வி: ஊட்டியில் வாங்கிய தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிட்டது. மெழுகு கலந்திருப்பார்களா?

பதில்: இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

கேள்வி: எலிக்கும் கொசுவுக்கும் அல்ட்ராசோனிக் கருவி, ஒன்று 700 ரூபாய் என்று மூன்று வாங்கி மூன்று அறையிலும் சொருகினேன். எலி அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒன்றை வாங்கிப் பார்க்காமல் மூன்று எதற்கு வாங்கினீர்கள்? நம் காதுக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்புகிறது அந்தக் கருவி. அதன் அலைநீளம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அப்படிப்பட்ட ஒலி சுவரைத் தாண்டாது, பீரோவுக்குப் பின்னால் வளைந்து போகாது, திரைச்சீலையும் மெத்தையும் அதை உறிஞ்சிவிடும். எலி இருப்பதோ பீரோவுக்குப் பின்னால். 2001-லேயே அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைச் செய்யும், விற்கும் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் பலன் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெட்டியில் "100% பலன்" என்று அச்சடித்திருந்தால் அதைப் படம் எடுத்து 1915-ல் புகார் செய்யுங்கள். எலி வரும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடையுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் இட்லி சூடு பண்ணினால் ஒரு இட்லி கொதிக்கிறது, பக்கத்து இட்லி ஜில்லென்று இருக்கிறது. பாத்திரம் பெரிது என்பதால் சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டேன். அடுப்பில் கோளாறா? (வாசகி, கோவை)

பதில்: கோளாறு நீங்கள் தட்டை எடுத்ததில் இருக்கிறது. உள்ளே அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று சேரும். சில இடத்தில் வலுக்கும், சில இடத்தில் அழிந்துபோகும். 12 சென்டிமீட்டர் அலைநீளம் என்பதால், சூடான இடம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக அமையும். ஒரு இட்லி சூடான இடத்திலும் அடுத்தது ஆறின இடத்திலும் மாட்டிக்கொள்கிறது. தட்டு சுற்றுவதே எல்லாவற்றையும் இரண்டு இடத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகத்தான். தட்டைப் போட்டு, சின்னப் பாத்திரம் வையுங்கள்.

கேள்வி: "24 மணி நேரம் சூடு" என்று போட்ட ஸ்டீல் பிளாஸ்க்கில் ஆறு மணி நேரத்தில் கஞ்சி ஆறிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்காக வாங்கியது. (வாசகர், விழுப்புரம்)

பதில்: உடனே ஒரு சோதனை செய்யுங்கள். கொதிநீரை ஊற்றி இறுக்கி மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள். மூடியின் அருகில் லேசான சூடு இருக்கலாம். நடு உடம்பும் அடியும் சுட்டால் இரண்டு சுவருக்கும் இடையில் வெற்றிடம் இல்லை, காற்று புகுந்துவிட்டது அல்லது முதலிலிருந்தே இல்லை. வெற்றிடம் இருந்தால்தான் வெப்பத்தைத் தொட்டுக் கடத்தவும் சுழன்று கடத்தவும் எதுவும் இருக்காது. ஜேம்ஸ் டூவார் 1892-ல் செய்த குடுவையின் உயிரே அதுதான். நானும் ஒருமுறை ரயில் நிலைய வாசலில் 250 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கீழே விழுந்து பிளந்தபோது உள்ளே வெள்ளைத் தெர்மாகோல்தான் இருந்தது. உங்களுடையது கடையில் பில்லோடு வாங்கியது, வாரண்டி இருக்கும். வெளிச்சுவர் சுடுவதை வீடியோ எடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுக்க முடியாது. அப்பா சீக்கிரம் நலமாகட்டும்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் வந்தால் பங்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று பேர். 45 நாள் வரும் சிலிண்டர் கடந்த மூன்று தடவையாக 30 நாளில் தீர்ந்துவிடுகிறது. சீல் சரியாகத்தான் இருக்கிறது. குலுக்கிப் பார்த்தால் நிறைய இருப்பது போலத்தான் தெரிகிறது. கொண்டுவருபவர் அடுப்பைச் சின்னதாக எரிக்கச் சொல்கிறார். வீட்டிலும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: சகோதரி, முதலில் கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ரெகுலேட்டர், டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் வால்வை மூடிவிட்டு 1906-க்குப் போன் செய்யுங்கள். அடுத்து சுடரைப் பாருங்கள். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் குற்றம் உங்களுடையது அல்ல, வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

குலுக்கிப் பார்த்து எதுவும் தெரியாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு. சூட்டில் விரிவடைய இடம் வேண்டும் என்பதால் முழுச் சிலிண்டரிலும் மேலே காலியிடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். எடை ஒன்றுதான் சாட்சி. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டுங்கள். 15.9 என்று இருந்தால் மொத்தம் 30.1 கிலோ வர வேண்டும். வாசலிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. தராசு கொண்டுவரவில்லை என்றால் வாங்காதீர்கள், அல்லது ஒரு தொங்கு தராசு வாங்கி வீட்டில் வையுங்கள், அந்தப் பணம் வீண் போகாது.

இடையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, சமைத்து முடித்ததும் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டுக் கவனியுங்கள். மேல்பாகம் சட்டென்று காயும். திரவம் நிற்கும் கீழ்பாகம் குளிர்ந்திருப்பதால் ஈரம் அங்கே நெடுநேரம் தங்கும். கோடு தெளிவாகத் தெரியும்.

எடை குறைந்தால், சீலை உடைக்காமல், தராசின் எண்ணும் காலி எடை எண்ணும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். ஏஜென்சிக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் எடை, அளவு முத்திரைச் சட்டம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. மதுரையில் உள்ள அதன் அலுவலகத்தில் நேரில் ஒரு புகாரும் கொடுங்கள். அடுத்த சிலிண்டர் வந்ததும் எடையை எனக்கு எழுதுங்கள்.