ஐந்து கட்டைக் குரலுக்கு கொயரில் எந்த இடம்?

கேள்வி: எனக்கு 42 வயது. வாலாஜாபேட்டையில் இருக்கிறேன். பள்ளி நாட்களில் ஆறு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். ஐந்து கட்டையில் பாடுவேன். வேலூரில் கிறிஸ்துமஸுக்காக நூறு பேருக்கு மேல் சேர்ந்து ஆர்கனோடு பாடும் ஒரு கொயர் குழுவில் என் அலுவலகத் தோழி இருக்கிறார். போன வருடம் கேட்கப் போனேன். 'அல்லேலூயா கோரஸ்' பாடும்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். அன்றிலிருந்து அந்த நினைப்புதான். ஆனால் மேற்கத்திய நொட்டேஷன் ஒரு எழுத்துகூடத் தெரியாது. வாய்ஸ் டெஸ்ட் உண்டு என்கிறார்கள். நான் கிறிஸ்தவரும் அல்ல. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? வீட்டில் எப்படித் தயாராவது?

பதில்: போய்ச் சேருங்கள். உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். உண்மையில் புதிதாகப் பழக வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குரல். ஐந்து கட்டை என்றால் உங்கள் ஸட்ஜம் மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஜி. கொயரில் பெண்களுக்கு இரண்டு பாகம்: மேலே சொப்ரானோ, கீழே ஆல்டோ. ஆல்டோவின் வழக்கமான எல்லை நடு ஸிக்குக் கீழே உள்ள ஜியில் தொடங்கி அதற்கு மேல் ஸ்தாயி டி வரை. உங்கள் கணக்கில் அது மத்ய ஸட்ஜத்திலிருந்து தார பஞ்சமம் வரை. நீங்கள் இத்தனை வருடம் பாடிக்கொண்டிருக்கும் இடம்தானே அது! சொப்ரானோவுக்கு இன்னும் நாலைந்து ஸ்வரம் மேலே போக வேண்டியிருக்கும். அல்லேலூயா கோரஸில் மேல் ஏ வரை போகிறார்கள். 'என் குரல் கனத்த குரல், எடுக்க மாட்டார்கள்' என்று நினைத்து எத்தனையோ பெண்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழுவிலும் ஆளுக்கு அலைவது ஆல்டோவிலும், ஆண்களின் மேல் பாகமான டெனரிலும்தான். உங்களைப் போன்ற குரலுக்குக் காத்திருக்கும் கொயர் மாஸ்டர்கள் நிறைய.

அடுத்து நொட்டேஷன். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் ஸ்டாஃப் முறை ஒன்று உண்டு. அதை மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை. நம் பக்கத்து ஆலயங்களில் பல தலைமுறையாகப் பாடிவருவது டானிக் சோல்ஃபா முறையில். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியதை 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் விரிவாக்கிப் பரப்பினார். மிஷனரிகளோடு அது உலகமெல்லாம் போனது. அதில் டோ ரே மி ஃபா சோ லா டீ என்பது நம் ஸ ரி க ம ப த நி மாதிரியே இடம் மாறும். பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ, அங்கே டோ போய் உட்காரும். டோவில் தொடங்கி ஏழும் சேர்ந்தால் தீரசங்கராபரணம். சோக ரசத்தில் வரும் பாட்டுகள் பெரும்பாலும் லாவில் தொடங்கி லாவில் முடியும், அது நடபைரவி. சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் வருவது அதுதானே. நீங்கள் படித்த பாடம்தான்.

சோல்ஃபா தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்வரங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும். நடுவில் வரும் முக்காற்புள்ளி அடுத்த எண்ணிக்கையைக் காட்டும், நெடுக்குக் கோடு தாளப் பிரிவு. சிறு படுக்கைக் கோடு வந்தால் பிடித்த ஸ்வரத்தை நீட்ட வேண்டும். நாம் கார்வைக்குக் கமாவும் செமிகோலனும் போடுவது போல. எழுத்தின் மேல்புறம் சின்னக் கீற்று இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. சில இடங்களில் ஒரு பெரிய டோவுக்கு முன்னால் பொடி எழுத்தில் சோ ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பாட்டின் சுருதி மாறுகிறது: இதுவரை சோ என்று பாடிய அதே ஒலியை இனி டோ என்று நினைத்துக்கொள் என்று பொருள். நீங்கள் ஒரு மாலையில் இதைப் பிடித்துவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் உங்களைக் குழப்பும். ஆறு வருடமும் ஸட்ஜம் உங்கள் ஐந்து கட்டையிலேயே இருந்திருக்கும். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் அது நகரும். அல்லேலூயா கோரஸ் டி மேஜர், அதாவது இரண்டு கட்டை. அப்போது உங்கள் குரலின் எல்லை கீழ் மத்திமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை என்று ஆகிவிடும். சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து ஒரு வாரம் வரிசைகள் பாடுங்கள், பழகிவிடும்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். தனியாகப் பாடி வளர்ந்தவர்களுக்குக் கொயரில் கஷ்டம் குரலால் வருவதில்லை, காதால் வருகிறது. பக்கத்தில் இன்னொருவர் வேறு ஸ்வரம் பாடும்போது உங்கள் ஸ்வரத்தில் நிற்பது, அதுதான் முழு வித்தையும். பத்தொன்பது வயதில் நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்டுக் கொயரில் டெனர் பாடப் போனேன். வீட்டில் என் பாகத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். நாலு பாகமும் சேர்ந்த அன்று, மூன்றாவது வரியில் நான் சொப்ரானோவின் மெட்டைக் கீழ் ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தேன். மாறியதே எனக்குத் தெரியவில்லை. கொயர் மாஸ்டர் திட்டவில்லை. வயதான இரண்டு டெனர்களுக்கு நடுவே என்னை நிற்க வைத்து, 'ஒரு வாரம் வாயைத் திறக்காமல் ஹம் மட்டும் பண்ணு' என்றார். வாய் மூடியிருந்தபோதுதான் இரண்டு பக்கமும் வரும் குரல்கள் காதில் விழுந்தன. அந்த ஒரு வாரம்தான் என்னைக் கொயர் பாடகனாக்கியது.

வீட்டிலேயே இதைப் பழகலாம். வீட்டில் யாராவது ஸ ரி க ம ப என்று ஏறி இறங்கட்டும், நீங்கள் ஸட்ஜத்தை விடாமல் பிடித்து நில்லுங்கள். அப்புறம் அவர் ஸட்ஜத்தில் நிற்க, நீங்கள் காந்தாரத்தில் நில்லுங்கள். அவர் நகரும்போது உங்கள் தொண்டை தானாக அவர் பின்னால் போகப் பார்க்கும். அந்த இழுப்பை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த படியாக, பாட்டின் மெட்டை நீங்களே பாடி போனில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு அதற்கு எதிராக ஆல்டோ பாடுங்கள். உங்கள் குரலையே எதிர்த்து நிற்பது வெளியாரை எதிர்ப்பதைவிடக் கடினம். அதில் தேறினால் எங்கேயும் தேறலாம்.

வாய்ஸ் டெஸ்டிலும் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பார்கள். ஒரு ஸ்கேல் ஏறி இறங்கச் சொல்வார்கள், எதுவரை எட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சின்னதாக ஒரு வரி வாசித்துத் திருப்பிப் பாடச் சொல்வார்கள். கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, நடு ஸ்வரத்தைப் பாடச் சொல்லலாம். ஸ க ப கேட்டுப் பழகிய உங்களுக்கு நடுவில் இருப்பது காந்தாரம் என்று உடனே தெரிந்துவிடும். நான் டெஸ்ட் எடுக்கும்போது, முதல் தடவை தவறியவர் இரண்டாம் தடவை காது கொடுத்துத் திருத்திக்கொண்டால் உடனே எடுத்துக்கொள்வேன். இனிமையான குரல் இருந்தும் திருத்திக்கொள்ளாதவரை எடுக்க யோசிப்பேன்.

விட வேண்டியது ஒன்று உண்டு: கமகம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இருபத்தைந்து ஆல்டோக்களும் ஒரே கோடாகக் கேட்க வேண்டுமானால் ஸ்வரம் அசையாமல் நேராக நிற்க வேண்டும். ஆங்கில வார்த்தைகளில் கடைசி 'ர்' ஒலியை நம் ஊர்க்காரர்கள் அழுத்துவோம். 'ஃபார் எவர்' என்பதில் அந்த ர் கேட்கவே கூடாது, உயிரெழுத்திலேயே நின்று முடியுங்கள். நீண்ட ஸ்வரத்தில் மூச்சு தேவைப்பட்டால், பக்கத்துக்காரர் எடுக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். அவர் எடுத்து முடித்த பிறகு நீங்கள் எடுத்தால் கேட்பவருக்கு ஸ்வரம் அறுபடாது. கூட்டமாகப் பாடுவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உங்கள் மூச்சு நிற்கும் இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் தாங்கிக்கொள்கிறார்.

இனி ஆர்கன். தம்புரா மாதிரி பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நாலு பாகத்தையும் சேர்த்து வாசிக்கும், அடிஸ்வரம் மாறிக்கொண்டே இருக்கும். அல்லேலூயா கோரஸ் வருகிற 'மெசையா' என்ற பெரிய இசைப் படைப்பை இசையமைப்பாளர் ஹேண்டல் 1741ல் எழுதினார். 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் பாடப்பட்டது. அவர் எழுதியது வயலின், டிரம்பெட், டிம்பனி எல்லாம் உள்ள வாத்தியக் குழுவுக்கு. ஆலயங்களில் அத்தனை வாத்தியத்தின் வேலையையும் ஆர்கன் ஒன்றே செய்கிறது. பியானோவில் கட்டையைத் தட்டியதும் ஒலி தேய ஆரம்பிக்கும். ஆர்கனில் விரல் இருக்கும்வரை அதே பலத்தோடு நிற்கும், தொடக்கத்தில் தட்டும் ஓசையும் கிடையாது. அதனால் தாளத்தைக் காதால் பிடிக்கப் பார்த்தால் பின்தங்கிவிடுவீர்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். பெரிய ஆலயத்தில் 34 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். தாளத்துக்குக் கொயர் மாஸ்டரின் கையைப் பாருங்கள், சுருதிக்கு ஆர்கனைக் கேளுங்கள். பல இடங்களில் ஆர்கன் வாசிப்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சின்னக் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

சுருதியிலும் ஒரு நுணுக்கம். தம்புராவோடு பழகிய காதுக்கு ஆர்கனின் அந்தர காந்தாரம் சற்று ஏறிக் கேட்கும். உங்கள் காதில் கோளாறு இல்லை. ஆர்கனில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருப்பதால், ஒரு அரைச் சுருதியை நூறாக்கினால் அதில் 14 பங்கு அளவு காந்தாரம் உயர்ந்து நிற்கிறது. ஆர்கனோடு பாடும்போது அதன் காந்தாரத்துக்கே போய்விடுங்கள். நிஜக் குழாய் வைத்த பைப் ஆர்கனில் இன்னொன்றும் உண்டு: வெயில் ஏற ஏறச் சுருதியும் ஏறும். 20 டிகிரியில் சேர்த்த குழாய் 35 டிகிரியில் கிட்டத்தட்ட அரைச் சுருதியில் பாதி உயர்ந்துவிடும். நம் பக்கம் பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஆர்கன்தான், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மதம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ஆலயத்தின் வாராந்தர ஆராதனைக் கொயர் என்றால் பெரும்பாலும் சபை உறுப்பினர்களைத்தான் எடுப்பார்கள், அது அவர்களுடைய வழிபாடு. நிகழ்ச்சிக்காகக் கூடும் பெரிய கூட்டுக் கொயர்கள் பல அப்படிப் பார்ப்பதில்லை. சென்னையில் 1893ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் சங்கீதத்துக்காகவே அமைந்தது. தோழி மூலம் பொறுப்பாளரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சேர்ந்த பிறகு, பாடும் வார்த்தை என்ன சொல்கிறது என்று தெரிந்து பாடுங்கள். அல்லேலூயா கோரஸின் வார்த்தைகள் பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் 11ஆம், 19ஆம் அதிகாரங்களிலிருந்து எடுத்தவை. தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால், உங்கள் இரு பக்கமும் நிற்பவர்களுக்கு அந்த வரி என்னவாக இருக்கிறது என்று புரியும்.

எப்போது தொடங்குவது? டிசம்பர் நிகழ்ச்சி என்றால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போய்விடுங்கள். நவம்பரில் வருபவரைச் சேர்த்துக்கொள்வது எங்களுக்கும் சிரமம். வாரம் ஒரு நாள் ப்ராக்டிஸ் என்று தொடங்கும், கடைசி இரண்டு வாரம் அநேகமாகத் தினமும் இருக்கும். எத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுப்பார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் கடைசி வரிசைக்குப் போகாதீர்கள். ஆல்டோவில் நிலையாகப் பாடும் ஒருவர் யார் என்று தோழியிடம் கேட்டு, அவருக்கு முன்னால் உட்காருங்கள். அவர் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள், மூச்சு எடுக்கும் இடம் மூன்று தடவையாவது மாறும். தண்ணீர் பாட்டில் அவசியம், ஃபேன் காற்றுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் இப்போதே கேட்டு, காட்பாடியிலிருந்து வாலாஜா ரோட்டுக்கு அந்த நேரத்துக்கு ரயில் இருக்கிறதா, பஸ்தானா என்று பார்த்து வையுங்கள். நல்ல ஆல்டோக்களை நான் அதிகம் இழந்தது ராத்திரி வண்டிக்காகப் பாதியில் எழுந்து போனதில்தான்.