ஆஷ்வெல்லில் சனிக்கிழமை என்ன செய்யலாம்?

தம்பி, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆஷ்வெல்லுக்குக் குடிவந்து இரண்டு மாதம், அலுவலகம் தவிர யாரையும் தெரியாது. ஓடையைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, போகலாமா. தேவாலயச் சுவரில் பழைய கீறல்கள் இருக்கின்றனவாமே, நம்மை உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் தாராளமாகப் போங்கள். ஓடை, சுவர் இரண்டுமே அந்த ஊர்ச் சுண்ணாம்புப் பாறை தந்தவைதான்.

மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டி, வருடம் முழுக்க 10, 11 டிகிரியிலேயே ஊற்றாக வெளிவருகிறது. உலகில் இந்த மாதிரி ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான். ஆஷ்வெல் ஊற்றுக் கற்களுக்கு அடியில் குளிர்நீரில் மட்டுமே வாழும் தட்டைப்புழுக்கள் உண்டு, பனியுகத்தின் மிச்சம். அங்கே கல்லைப் புரட்டாதீர்கள்.

கம்பூட்ஸ், தடித்த கையுறை போதும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். எலிக்காய்ச்சல் இங்கேயும் வரும். வேறு ஆற்றில் நனைந்த பூட்ஸ் என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் இறங்க வேண்டும். ஈரத்தோடு நோய்க்கிருமியும் வந்து இறால் போலிருக்கும் உள்ளூர் நன்னீர் கிரேஃபிஷ்களைக் கொன்றுவிடும்.

கோடையில் ஹிமாலயன் பால்சம் என்னும் அயல்நாட்டுக் களைச்செடியைப் பிடுங்கச் சொல்வார்கள். நம்மூர்க் காசித்தும்பைக்குச் சொந்தம், அழகில் ஏமாறாதீர்கள். காய் வெடித்தால் விதை 7 மீட்டர் வரை தெறிக்கும், அதனால் காய்க்கும் முன்பே எடுக்க வேண்டும். தண்டை அடியில் பிடித்து வேரோடு இழுங்கள். மேலே ஒடித்தால் கீழ்க்கணுவிலிருந்து கிளைத்துவிடும்.

கடினமான வேலை வண்டல்தான். ஓடை அகலமாகிவிட்டால் ஓட்டம் தளர்ந்து, கூழாங்கல்லை மண் மூடும். டிரௌட் மீனின் முட்டைக்கு மூச்சு முட்டும். சுள்ளிக்கட்டுகளைக் கரையோரம் முளையடித்து நிறுத்தினால் நடுவில் ஓட்டம் வேகமெடுத்து மண்ணை அள்ளிப்போகும். அனுமதி இல்லாமல் செய்தால் வெள்ளம் யார் வீட்டுக்குள் புகும் என்று சொல்ல முடியாது, குழுவோடு மட்டும் செய்யுங்கள். நவம்பரிலிருந்து வசந்தம் வரை கூழாங்கல்லில் காலே வைக்க வேண்டாம், முட்டை இருக்கும்.

பூச்சிக் கணக்கெடுப்புக்குக் கூப்பிட்டால் விடாதீர்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே வலையை வைத்து, அதற்கு மேல்பக்கம் அடிமண்ணை 3 நிமிடம் காலால் கிளற வேண்டும். பிறகு 1 நிமிடம் கற்களில் கையால் தேட வேண்டும். வெள்ளைத் தட்டில் கொட்டினால் மணலை ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ் புழு (ஒரு பூச்சியின் இளம்பருவம்) நகர்வது தெரியும். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் மேலே எங்கோ கழிவு கலந்திருக்கலாம் என்று பொருள்.

செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் மதம் கேட்கமாட்டார்கள். வழிபாட்டு நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுவர் கிளஞ்ச் என்னும் மெத்தென்ற சுண்ணாம்புக்கல், கத்திமுனைக்கே பதியும். கோபுரத்தின் அடித்தள வடசுவரில் 1350 கொள்ளைநோயையும் 1361 புயலையும் லத்தீனில் கீறியிருக்கிறார்கள்; எஞ்சியவர்கள் கடைகெட்ட ஜனம் என்று அதிலேயே திட்டும் இருக்கிறது. பெரிய தேவாலயத்தின் படம் ஒன்றும் உண்டு. 1666 தீயில் போன லண்டனின் பழைய செயின்ட் பால்ஸ் என்கிறார்கள்.

ஃபிளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், கீறலில் நிழல் விழும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமும் மாற்றி, பக்கத்தில் ஸ்கேல் பிடித்துப் படமெடுங்கள். காகிதம் வைத்துத் தேய்ப்பது, சாக்பீஸ் பூசுவது, விரலால் தடவுவது எதுவும் கூடாது, கல் உதிரும்.

ஓடையிலிருந்து நேரே போவதானால் சேற்றுப் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். பையில் தடித்த காலுறை ஒரு ஜோடி இருக்கட்டும், கல்தரை சில்லிட்டுக் கிடக்கும்.