மண்ணுக்கடியில் விரிக்கும் துணி: எது, எங்கே, எப்படி?

தோட்டம், நடைபாதை, வடிகால் வேலைகளில் மண்ணுக்கடியில் போடும் ஜியோடெக்ஸ்டைல் துணி பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் கீழே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி என்ன வேலை செய்யவேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போனால், அங்கே விற்காமல் கிடக்கிற ரோல் உங்கள் தலையில் கட்டப்படும்.

கேள்வி (கோவில்பட்டி): கார் நிறுத்துமிடத்தில் பேவர் பிளாக் போடுகிறோம். கரிசல் மண். துணி போட்டால் கல் ஏறி இறங்காது என்கிறார் காண்ட்ராக்டர். உண்மையா சார்?

பாதி உண்மை. கரிசல் மழையில் வீங்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வீக்கத்தை எந்தத் துணியாலும் அமுக்க முடியாது. அதற்குக் கரிசலை ஓரளவு தோண்டி எடுத்துவிட்டு, வீங்காத கிராவல் மண் நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். மழைத்தண்ணீர் அங்கே தேங்கவும் விடக்கூடாது.

துணியின் வேலை பிரித்து வைப்பது. மேலே கொட்டும் கிராவலும் ஜல்லியும் ஈரக் கரிசலுக்குள் புதையாது. சேறும் ஜல்லிக்குள் பிதுங்கி ஏறாது. துணி போடாத இடங்களைச் சில மழைக்காலம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் ஜல்லியைத் தனியாகப் பார்க்கவே முடியாது, எல்லாம் சேறோடு சேறாகக் கிடக்கும். மேலே சக்கரம் போகிற தடத்தில் மட்டும் கல் தாழ்ந்திருக்கும்.

கார் மட்டும் என்றால் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) நான்-வோவன், அதாவது நெய்யாத துணி, போதும். லாரி வந்து போகும் என்றால் இழுவிசை தாங்கும் வோவன் (நெய்த) வகை நல்லது. துணியும் துணியும் சேரும் இடத்தில் ஓர் அடி மேலேறியிருக்கட்டும், தரை நொதநொதப்பாக இருந்தால் இரண்டடி. விரித்த துணிமேல் டிராக்டரை நேராக ஏற்றிவிடாதீர்கள். அரையடி கிராவலாவது பரப்பிய பிறகே வண்டி ஏறலாம். அப்புறம், கல்லுக்கு அடியில் பரப்பும் மணல் ஓரத்துச் சந்து வழியாக நழுவிப் போகும். அங்கே ஓர் அடி அகலத் துண்டை மடித்து வைத்தால் நிற்கும். பலரும் விடுவது இதைத்தான்.

கேள்வி (மடிப்பாக்கம்): மழை பெய்தால் புல்தரையில் தண்ணீர் நிற்கிறது. துளைக் குழாய் புதைத்து வடிகால் போடலாம் என்றிருக்கிறோம். கடையில் பச்சை நிற நெய்த ஷீட் தருகிறார்கள், விலை குறைவு.

வேண்டாம். பட்டை பட்டையாக நெய்த அந்த ஷீட்டில் தண்ணீர் போகும் வழி குறைவு, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வடிகாலுக்குக் கம்பளி மாதிரித் தெரியும் நான்-வோவன்தான். 150 ஜிஎஸ்எம் வாங்குங்கள். பள்ளத்தில் முதலில் துணி, மேலே ஜல்லி, அதன்மேல் துளைகள் கீழ்நோக்கிய குழாய், மறுபடி 20 மி.மீ. ஜல்லி, கடைசியில் துணியை மேலே மடித்து மூடிவிட வேண்டும். 100 அடிக்கு ஓர் அடி சரிவு வேண்டும். குழாயின் மறுமுனையில் தண்ணீர் போக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெருவே உங்கள் மனையைவிட மேடு என்றால் இந்தச் செலவே வீண்.

ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். கிரஷர் தூசியோடு கொட்டினால் அந்தத் தூசியே உள்ளிருந்து துணியை அடைத்துவிடும்.

கேள்வி (கோவை): அலங்காரக் கூழாங்கல்லுக்கு அடியில் துணி போட்டும் கோரை வருகிறதே?

வரும். கோரையின் முளை ஊசி மாதிரி, மெல்லிய துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். முதலில் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அப்புறம்தான் துணி. கல்லிடுக்கில் சேரும் தூசியிலும் சருகிலும் விதை விழுந்து மேலிருந்தே களை முளைக்கும். அதற்குத் துணியைக் குறை சொல்லிப் பயனில்லை. செடிப் பாத்தியில் துணியே போடாதீர்கள் என்பது என் கட்சி. சருகு மூடாக்கு மண்ணோடு சேர முடியாமல் துணிமேலேயே மக்கிக் கிடக்கும், வேர்களும் அங்கேயே பின்னிக்கொள்ளும்.

கேள்வி (கூடலூர்): மண் சரிகிற மேட்டில் தேங்காய் நார்க் கயிற்று வலை போடலாமா?

தாராளமாக. தேங்காய் நாரில் லிக்னின் (நாருக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) அதிகம், அதனால் மெதுவாகத்தான் மக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் வெட்டிவேரோ புல்லோ வேர்பிடித்துவிட வேண்டும். கேரளத்தில் வாய்க்கால் கரைகளுக்கு இதைத்தான் விரிக்கிறார்கள். மேட்டின் உச்சியில் ஓர் அடிப் பள்ளம் வெட்டி வலையின் தலைப்பைப் புதைத்து, மேலிருந்து கீழே உருட்டிவாருங்கள். ஓடு வேய்வது போல மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஏறவேண்டும். வலை மண்ணோடு ஒட்டிக் கிடப்பது முக்கியம். இடைவெளி இருந்தால் தண்ணீர் அடியில் புகுந்து அரித்துவிடும். சரிவே மொத்தமாக நகர்கிறது என்றால் வலையை நம்பாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (மதுரை): 200 ஜிஎஸ்எம் என்று சொல்லி 120 கொடுத்தால் எப்படித் தெரியும்? பழைய சிமெண்ட் சாக்கு போட்டால் ஆகாதா அண்ணா?

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 200 கிராம் காட்டவேண்டும், அவ்வளவுதான். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றைப் பிழிந்துவிட்டுப் பாருங்கள்: மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் பாலியஸ்டர். புதுக் கான்கிரீட், சுண்ணாம்பு பக்கத்தில் பாலியஸ்டர் நாளடைவில் நலிந்துவிடும், அங்கே முதல் வகையே சரி. புதுத் துணியில் ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பயப்பட வேண்டாம். கையால் தேய்த்துவிட்டால் இறங்கும்.

சாக்கு வேண்டாம். தண்ணீர் எளிதில் இறங்காது, வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். நல்ல துணிக்கும் வெயில் ஆகாது. விரித்த இரண்டு வாரத்துக்குள் மூடிவிடுங்கள், மீந்த ரோலைக் கறுப்பு ஷீட்டில் சுற்றி நிழலில் வையுங்கள்.