பிட்னர் ஊர்ப்பெயர் அல்ல, தொழில்பெயர்

உங்கள் கணவரின் குடும்பப்பெயர் பிட்னர் என்றும், முன்னோர் அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வந்தார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி ஓர் ஊரைத் தேட வேண்டாம். அது மரத்தொட்டி, பீப்பாய் செய்தவரைக் குறிக்கும் ஜெர்மன் பெயர். 'பியூட்டெ' என்றால் மரத்தொட்டி. திராட்சை அறுவடையில் முதுகில் தொட்டி சுமப்பார்களே, அதுவும் அந்த வகைதான். அதைச் செய்தவர் பியூட்னர்.

ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர்: ஜெர்மனியின் வடக்கிலும் கிழக்கிலும் பெட்சர், பவேரியாவில் ஷெஃப்லர், ஒயின் விளையும் ஃபிராங்கோனியாவில் பியூட்னர். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பெயரே பாதி வழி காட்டிவிடும். உங்களுடையதில் 'யூ' தேய்ந்து 'இ' ஆகியிருக்கிறது. சிலேசியா (இன்று பெரும்பாலும் போலந்தில்), பொஹீமியா (இன்றைய செக் குடியரசில்) பக்கம் ஜெர்மன் பேசியவர்கள் அப்படித்தான் உச்சரித்தார்கள். அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் கணவரின் தாத்தாவின் பிறப்புப் பதிவைப் பாருங்கள். ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு 1876இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவர்களுக்குத் தேவாலயப் பதிவேடு. பிட்னர், பியூட்னர் என்ற இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

இந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் இன்றைய பரவல் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். 1945க்குப் பின் சிலேசிய ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு ஜெர்மனி முழுக்கச் சிதறினார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் உறவாகிவிடாது. ஊருக்கு ஊர் பீப்பாய்க்காரர் இருந்தார்.