ஸ்டீபன் ஐவர்: ஃபில்டர் வாங்கும் முன்

480 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கி, 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா, ஒரு நிமிடப் படங்கள் நாற்பது. இதில் ஸ்டீபன் ஐவர் (நெருங்கித் தெரியும் ஐந்து விண்மீன் மண்டலங்களின், அதாவது கேலக்ஸிகளின், கூட்டம்) வெறும் புகைத் திட்டாக வருகிறது, இரட்டைப் பட்டை ஃபில்டர் (இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடுவது) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

விண்மீன் மண்டலத்தின் ஒளி பெரும்பாலும் விண்மீன்களின் ஒளி. எல்லா நிறத்திலும் பரவி வருவது. அந்த ஃபில்டர் வான ஒளியோடு சேர்த்து அதையும் வெட்டிவிடும். இன்னொரு வேடிக்கை: இந்தக் கூட்டத்தில் நான்கு சுமார் 30 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கின்றன. செம்பெயர்ச்சியால் (விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதால்) அவற்றின் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி, அதாவது ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளி, கிட்டத்தட்ட 14 நானோமீட்டர் நகர்ந்திருக்கும். 7 நானோமீட்டர் அகலப் பட்டையுள்ள ஃபில்டருக்குள் அது நுழையவே நுழையாது. (ஐந்தாவதான என்ஜிசி 7320 நமக்கு ரொம்பப் பக்கம், தற்செயலாக அதே திசையில் நிற்கிறது.)

உங்களுக்குக் குறைவது நேரம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மொத்த நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். 40 நிமிடத்தை நான்கு மடங்காக்கினால்தான் அது இரண்டு மடங்காகும். ஆறேழு மணி நேரமாவது சேருங்கள், நிலா இல்லாத பல இரவுகளில், அது உச்சியை ஒட்டி இருக்கும்போது. சில படங்களுக்கு ஒருமுறை டிதரிங்கும் (தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தி எடுப்பது) போடுங்கள், கோடு கோடாக வரும் இரைச்சல் போகும்.

அப்புறம் அளவு. 206 × 3.76 ÷ 480, பிக்சலுக்கு 1.6 வில்நொடி (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு; வில்நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). மொத்தக் கூட்டமே நான்கு வில்நிமிடத்துக்குள் அடக்கம், அதாவது 150 பிக்சல்தான். இதே கேமராவை 1000 மி.மீ. தொலைநோக்கியில் மாட்டினால் பிக்சலுக்கு 0.8 வில்நொடி கிடைக்கும். ஆனால் கைடிங் (வானத்தின் நகர்வைத் தொலைநோக்கி பிசகாமல் பின்தொடரச் செய்வது) சரியாக இல்லாமல் அதில் இறங்காதீர்கள். இப்போதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்ஜிசி 7331 என்ற விண்மீன் மண்டலத்தையும் சேர்த்து ஃபிரேம் பண்ணுங்கள். உங்கள் தொலைநோக்கிக்கு அதுதான் சரியான படம்.